அறுபது பார்

வாங்கி இருபத்து மூன்று நாளாகிறது.
இனிமேல் சொல்லலாம்.

பாரிமுனைக் கடையில்
வழுவழுப்பான தாளை நீட்டி
எழுதிப் பாருங்கள் என்றார்கள்.
அந்தத் தாளில் தீக்குச்சிகூட அழகாக எழுதும்.
ஐஸ் கம்பெனி லெட்ஜரில் கிழித்த பக்கம் ஒன்றைப்
பையிலிருந்து எடுத்தேன்.
கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார்களாம்.
நான் 'கணக்கு' என்று எழுதினேன்.
மூன்று சுழியும்
தனித்தனியாகக் கண் திறந்திருந்தது.
அதுபோதும்.
ஆயிரத்து நூற்றைம்பது.
மூன்று நாள் சம்பளமென்று
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

காசிமேட்டில் எங்களுக்கு விடிவது இரவு இரண்டு மணிக்கு.
முதல் போட்டுக்கு முதல் பார் சரியும்போது
முதல் எழுத்துத் தடங்காமல் வர வேண்டும்.
வந்தது.
மூடியைப் பின்னால் மாட்டினால்
பேனா அண்ணாந்து பார்க்கிறது.
கழற்றி வைத்தால் உருளுகிறது;
இங்கே உருளுவதெல்லாம் கடைசியில்
தண்ணியில்தான் போய் நிற்கும்.
ஆகவே மூடி என் இடது கைக்குள்.

"யக்கா, புதுப் பேனா எய்துதா?"
ஐஸ் நொறுக்கும் மெஷின் சத்தத்துக்குமேல்
மெர்லின் கத்துகிறாள்.
எய்துது, என்கிறேன்.
எங்கள் பக்கத்தில் எழுதுவதும்
அம்பு விடுவதும்
போய்ச் சேருவதும்
ஒரே வார்த்தை.

குளிர் அறைக்குள் பார்களை எண்ணிவிட்டுப்
பங்குனி வெயிலுக்கு வந்தால்
மை பாதி தீர்ந்த பேனா ஏப்பம் விடுகிறது.
முதலாளி சற்குணத்தின் பெயர்மேல்
ஒரு சொட்டு.
வயிறு முழுக்க நிரப்பி வைத்தால் விடுவதில்லை.
மனுசருக்கு நேர்மாறு.

பதினோராம் நாள்
தேசப்பன் போட்டுக்குக் கடனில் எழுதினேன்.
அவன் தோளில் கிடந்த கோணியிலிருந்து
ஒரு துளி, பெரிசுகூட இல்லை,
எண்ணின்மேல் விழுந்தது.
நாற்பதா அறுபதா தொண்ணூறா,
எல்லாமே ஒரு நீலக் குளம்.
அதற்குள் தேசப்பன் கடலுக்குப் போய்விட்டான்.

மூன்று ராத்திரி
அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
விளக்கின்முன் தூக்கிப் பிடித்தேன்.
பின்பக்கம் திருப்பித் தடவினேன்.
ஆறின் வால் ஒன்று தெரிவதுபோல் இருந்தது,
ஒன்பதின் வாலாகவும் இருக்கலாம்.
பால்பாயின்ட் என்றால் அழுத்தின தழும்பாவது இருக்கும்.
இது தாளைத் தொட்டதே தெரியாமல் எழுதுகிற பேனா.
அதற்குத்தானே வாங்கினேன்.

நான்காம் நாள் வலையோடு வந்து இறங்கினான்.
வாயைத் திறக்காமல் லெட்ஜரைத் திருப்பிக் காட்டினேன்.
குனிந்து பார்த்தான்.
கட்டைவிரலில் உப்பு வெடித்திருந்தது.
"அறுவது பாரு யக்கா.
நாப்பதுன்னா நீ ஒத்துப்ப,
மீனு ஒத்துக்காது."
போய்விட்டான்.

தண்ணிக்கு அசையாத கறுப்பு மை இருக்கிறதாம்,
கடைக்காரர் சொன்னார். அதுவும் வாங்கினேன்.
இரண்டு நாள் லீவு போட்டு வந்தேன்,
நிப்புக்குள் தார் ரோடு போட்டிருந்தது.
ஐஸ் தண்ணியில் ஊற வைத்துக்
கழுவிக் கழுவி மெர்லினுக்குப் பொறுமை போய்விட்டது.

ஆகவே, தினம் எழுத இது ஆகுமா என்றால்:
கம்பெனி லெட்ஜருக்கு
நூல் கட்டின பால்பாயின்ட் திரும்ப வந்துவிட்டது.
இது என் பையில் இருக்கிறது.
கரண்ட் கணக்கு, சீட்டுக் கணக்கு,
பையனின் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர்,
ராத்திரி யாரும் வராத நேரத்தில்
காலண்டர் தாளின் பின்பக்கம் சும்மா ஒரு 'ழ'.

அந்த நீலக் குளத்துக்குப் பக்கத்தில் மட்டும்
பால்பாயின்ட்டை நான் வைக்கவில்லை.
அதே பேனா, அதே மை:
அறுபது.

ஒன்று விட்டுப்போயிற்று.
கிளிப்பில் துரு ஏற ஆரம்பித்திருக்கிறது.
விலைக்கு அது அநியாயம்.